ஒரு வயிற்றின் பரிணாம வளர்ச்சி

தெருவில் அவருக்கு வைத்த பெயர் வானொலி. காரணம் இரண்டு. ஒன்று, அவர் பிழைப்பே குரல்தான். கண் தெரியாத பிள்ளைகள் காதால் படிப்பதற்காகப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்யும் நிலையத்தில் அவர் வாசிப்பாளர். இன்னொன்று, வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் ஒலிபரப்பு நிற்காது. அணைக்கிற பொத்தான் எங்கே இருக்கிறதென்று கல்யாணமான நாளிலிருந்து அவர் மனைவி தேடிக்கொண்டிருக்கிறாள்.

குரலென்றால் அப்படி ஒரு குரல். பெருக்கல் வாய்ப்பாட்டை வாசித்தால்கூட அடுத்து என்ன ஆகுமோ என்று கேட்பவருக்கு மனசு அடித்துக்கொள்ளும். அந்தக் குரலுக்கு மூலதனம் காலையில் ஒரு பெரிய கப் பால் காபி. பால் கெட்டியாக, சர்க்கரை மூன்று ஸ்பூன், தலை தட்டாமல். அது உள்ளே போகாவிட்டால் அவருக்கு வாயும் திறக்காது, பொழுதும் விடியாது.

அந்தக் காபிக்குத்தான் ஆபத்து வந்தது, புது மைக் ரூபத்தில்.

பழைய மைக் நல்ல மைக். அவர் சொன்னதை மட்டும் கேட்கும். புதுசு வந்ததும் அவர் சொல்லாததையெல்லாம் கேட்க ஆரம்பித்தது. எச்சில் விழுங்கினால் யாரோ கிணற்றில் குதித்தது போலப் பதிவானது. காபி குடித்த கொஞ்ச நேரத்தில் வானொலியின் வயிறு தனியாக ஒரு நிகழ்ச்சி நடத்தும் வழக்கம் உண்டு. அது அவருக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரிந்த குடும்ப ரகசியம். இப்போது ரகசியம் சந்திக்கு வந்துவிட்டது.

முதல் தடவை தப்பித்தார். மழையைப் பற்றிய பாடம். "கருமேகங்கள் திரண்டன" என்று வாசித்து நிறுத்திய இடத்தில் வயிறு கடகடவென்று உருட்டியது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பதிவாளர் அம்மா கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். இடி அருமை, அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். வானொலி அடக்கமாகத் தலையாட்டிக்கொண்டார்.

அடுத்த பாடத்தில் மாட்டிக்கொண்டார். அந்தப் பாடம் எதைப் பற்றியது என்று நினைக்கிறீர்கள்? மனிதன் பால் குடிக்கப் பழகியதைப் பற்றி.

"'குழந்தைப் பருவத்தில், பாலில் உள்ள சர்க்கரையை உடைக்கும் நொதி நம் குடலில் நன்றாகச் சுரக்கிறது. வளர்ந்ததும் பெரும்பாலானவர்களுக்கு அது குறைந்துவிடுகிறது,'" என்று வாசித்தார். வயிறு ஆமாம் போட்டது.

"என்ன சார் அது?" என்று பதிவாளர் அம்மாவின் குரல் வந்தது.

"எது மேடம்?"

"நாற்காலி சத்தமா?"

"நாற்காலிதான்."

நாற்காலியை மாற்றினார்கள். "'உடையாத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய் வாயுவை உண்டாக்குகிறது.'" கடகட.

"இந்த நாற்காலியுமா சார்?"

"இங்க எல்லா நாற்காலியும் பழசு மேடம்."

"சரி, நின்னுக்கிட்டே வாசிங்க."

நின்று வாசித்தார். "'சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், ஆடுமாடு வளர்த்த மக்கள் சிலரிடம் ஒரு சிறு மாற்றம் தோன்றியது.'" நின்ற நிலையில் சத்தம் இன்னும் கணீரென்று விழுந்தது.

பதிவாளர் அம்மா கதவைத் திறந்துகொண்டு உள்ளே வந்துவிட்டார்.

"காலையில என்ன குடிச்சீங்க?"

"காபி."

"பால் காபியா?"

வானொலி தரையைப் பார்த்தார்.

"இந்தப் பாடத்தை எழுதினவர் உங்களை மனசுல வச்சுத்தான் எழுதியிருக்கார். ஒண்ணு, பால் காபிய விடுங்க. இல்ல, வாசிக்கிறத விடுங்க. அடுத்த வாரத்துக்குள்ள எனக்கு இந்தப் பாடம் சுத்தமா வேணும்."

வானொலியின் மனைவிக்கு மருந்துக் கடையில் வேலை. சாயங்காலம் அவள் வந்து, கைப்பையை மாட்டிவிட்டு, காய்ந்த துணிகளை மடிக்க உட்காரும்வரை அவர் பொறுத்திருந்தார். பிறகு நடந்ததையெல்லாம் ஏற்ற இறக்கத்தோடு சொல்லி முடித்தார்.

"கடுங்காபி குடிங்களேன்," என்றாள் அவள்.

"அது காபி இல்ல, கஷாயம்."

"அப்ப காபியே வேண்டாம். அந்தச் சாக்குல சர்க்கரையும் குறையும். டாக்டர் என்ன சொன்னார்?"

இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும். வானொலியின் ரத்தத்தில் சர்க்கரை எல்லைக்கோட்டில் வந்து நிற்கிறது, இப்போதே குறைத்துக்கொண்டால் பிழைத்தீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அன்றைக்கே இவர் சபதம் போட்டுவிட்டார். மூன்று ஸ்பூனுக்கு ஒரு மணி குறைந்தாலும் அந்தக் காபியை இந்த நாக்கு தொடாது.

"சர்க்கரைப் பேச்ச இதுல இழுக்காத. நான் ஒரு முடிவுக்கு வந்துட்டேன்."

"சொல்லுங்க."

"நான் பரிணாம வளர்ச்சி அடையப் போறேன்."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "எப்போ?"

"இந்த வாரமே. பாடத்துல என்ன போட்டிருக்கு தெரியுமா? அந்தக் காலத்து ஆளுங்களும் என்னை மாதிரிதான், பால் ஒத்துக்காது. அதுக்காக விட்டாங்களா? குடிச்சாங்க, குடிச்சாங்க, குடிச்சுக்கிட்டே இருந்தாங்க. குடல் வேற வழியில்லாம வழிக்கு வந்துடுச்சு."

"குடிச்சுக் குடிச்சு மாறலைங்க. மாறிப் பிறந்தவங்க ஒருத்தர் ரெண்டு பேர் இருந்தாங்க. அவங்களுக்குப் பால் ஒத்துக்கிச்சு. பஞ்சத்துலயும் நோய்லயும் அவங்க தாக்குப்பிடிச்சாங்க, அவங்க பிள்ளைகுட்டி பெருகுச்சு. மத்தவங்க பாடு திண்டாட்டம்."

"நான் அந்த ஒருத்தர் ரெண்டு பேரோட வம்சம்."

"இல்லைங்க. நீங்க மத்தவங்க. பக்கத்துல படுக்கிறவ நான், எனக்குத் தெரியாதா?"

இதற்கு மேல் பேசிப் பயனில்லை என்று வானொலி முடிவு செய்தார். செய்து காட்டுவோம், அப்புறம் பேசுவோம்.

மறுநாளே பயிற்சி ஆரம்பமானது. தொண்டை கட்டிக்கொண்டது என்று நிலையத்துக்கு லீவு சொன்னார். கட்டாத தொண்டைக்குத் துண்டு சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் அலைந்தார். மனைவி குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டதும் ஃப்ரிட்ஜைத் திறப்பார். முதல் நாள் ஒரு ஸ்பூன் பச்சைப் பால். அடுத்த நாள் கால் கப். அதற்கடுத்த நாள் அரை. குடித்துவிட்டு வயிற்றைத் தடவி, "பழகிக்கோ" என்று ரகசியமாக அதட்டுவார். குறைந்த பாலுக்குக் குழாய்த் தண்ணீரை ஊற்றி பாட்டிலைப் பழையபடி நிரப்பி வைத்துவிடுவார். தனக்கு இத்தனை மூளை இருப்பது இவ்வளவு காலம் வெளியே தெரியாமல் போய்விட்டதே என்று அவருக்கே வருத்தமாக இருந்தது.

வயிறுதான் பழகவில்லை. வழக்கமாக ஒரு வேளை நிகழ்ச்சி நடத்துவது, மூன்று வேளை நடத்தியது.

"பால் என்னங்க இப்படி நீர்த்துக் கிடக்கு?" என்றாள் மனைவி ஒருநாள்.

"மாடு என்னத்தத் தின்னுச்சோ."

"தின்ன மாதிரி தெரியல. குழாயடியிலயே நின்ன மாதிரி இருக்கு."

வானொலி துண்டை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

அதற்கப்புறம்தான் அதிசயம் நடந்தது. ஒரு காலையில் குடித்தார், வயிறு கப்சிப். சாயங்காலம் குடித்தார், அப்போதும் மூச்சு விடவில்லை. பாலே ஒரு தினுசாகத் தித்தித்தது. நாக்கும் சேர்ந்து வளர்கிறது என்று அவர் கண்டுகொண்டார். மனைவி இப்போதெல்லாம் முந்தின நாளே பாலைக் காய்ச்சி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைத்துவிடுகிறாள். காலை அவசரத்துக்குப் போல என்று விட்டுவிட்டார். தண்ணீர் கலந்ததைப் பற்றியும் அவள் மறுபேச்சுப் பேசவில்லை.

இன்னொரு மாற்றமும் இருந்தது. தினமும் காபியை நீட்டிவிட்டு எதிரே நின்றுகொண்டாள்.

"எப்படி இருக்கு?"

"அமிர்தம்."

"சர்க்கரை?"

"மூணு ஸ்பூன் போட்டா எப்படிக் குறையும்?"

"சரிதான்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவாள். பரவாயில்லை, வளர்ச்சி அடைந்த ஆள் என்றதும் மரியாதை வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

துண்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு நிலையத்துக்குப் போனார். பால் பாடத்தை ஒரே மூச்சில் முடித்தார். பதிவாளர் அம்மா இரண்டு தடவை ஓட்டிக் கேட்டார். ஒரு சத்தம் இல்லை.

"ஒருவழியா காபிய விட்டுட்டீங்க."

"விடல மேடம். நான் மாறிட்டேன்."

"என்ன மாறிட்டீங்க?"

"சில ஆயிரம் வருஷத்து வேலை. நான் கொஞ்சம் சீக்கிரமா முடிச்சுட்டேன்."

அந்த அம்மாவுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. வானொலி விடுவாரா? வாசலில் காவலாளிக்குச் சொன்னார். முடிவெட்டுகிறவருக்கு, அவர் கத்தியைக் கழுத்தில் வைத்திருந்தபோதே சொன்னார். பஸ்ஸில் பக்கத்து ஸீட்காரருக்குச் சொன்னார், அவர் தன் இடத்துக்கு முன்னாலேயே இறங்கிப் போனார். மனைவிக்கும் சொன்னார். பயிற்சியை மட்டும் மறைத்துவிட்டு, பலனை மட்டும் சொன்னார்.

"அப்படியாங்க," என்றாள் அவள். "சந்தோஷமா இருக்கு."

புத்தகத்தின் கடைசிப் பாடம் வந்தது. முடிக்கிற நாள் என்பதால் பதிவாளர் அம்மா எதிர்க் கடையிலிருந்து எல்லோருக்கும் காபி வரவழைத்தார்.

"உங்களுக்குக் கடுங்காபி சொல்லட்டுமா சார்?"

"யாரைப் பார்த்து என்ன கேக்கறீங்க மேடம்? பால் காபி. மூணு ஸ்பூன் சர்க்கரை. ரெண்டு கப்."

இரண்டையும் எல்லோரும் பார்க்கக் குடித்தார். என்ன கையோ அந்தக் கடைக்காரருக்கு, காபி பாகாக ஒட்டியது. மூன்று சொன்னால் ஆறு போட்டுவிட்டார் போலிருக்கிறது. மேலே ஒரு கிளாஸ் வெறும் பாலையும் வாங்கிக் குடித்து வாயைத் துடைத்துக்கொண்டார்.

கடைசிப் பாடம் காட்டைப் பற்றியது. நேரம் போய்க்கொண்டிருந்தது. பக்கங்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. வானொலிக்கு நெற்றி வியர்த்தது. காலை மாற்றிப் போட்டார். முடிவுப் பத்திக்கு வந்துவிட்டார்.

"'ஒரு சருகு விழுந்தாலும் கேட்கும் அமைதி அங்கே நிலவியது.'"

அங்கே நிலவியது, இங்கே நிலவவில்லை. முன்பு உருட்டியதெல்லாம் ஒத்திகை என்று ஆகிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பதிவாளர் அம்மா காதில் மாட்டியிருந்த ஹெட்ஃபோனைப் பிடுங்கிப் போட்டதை அவர் தன் கண்ணால் பார்த்தார்.

"சருகு இல்ல சார்," என்றார் அந்த அம்மா நிதானமாக. "மரமே விழுந்துடுச்சு. வீட்டுக்குப் போங்க. நாளைக்குச் சத்தமில்லாத வயித்தோட வாங்க. இல்லேன்னா வேற ஆளை வச்சு வாசிக்க வைக்கறேன்."

மனைவி கடையிலிருந்து வந்தபோது அவர் தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு கிடந்தார்.

"என்னங்க ஆச்சு?"

"வளர்ச்சி திரும்பிப் போயிடுச்சு."

"எங்க குடிச்சீங்க?"

"எதிர்க் கடையில."

அவள் கட்டிலில் உட்கார்ந்தாள். கைப்பையைத் திறந்து ஒரு சின்ன புட்டியை எடுத்துக் காட்டினாள். "இத நாலஞ்சு சொட்டு பால்ல விட்டு ஒரு நாள் ஃப்ரிட்ஜ்ல வச்சா, உங்க குடல் செய்யாத வேலைய இது செஞ்சுடும். எங்க கடையிலதான் விக்கறோம். எதிர்க் கடைக்காரர் இத விட்டிருக்க மாட்டார்."

வானொலி எழுந்து உட்கார்ந்தார். "அப்ப என் பயிற்சி?"

"எந்தப் பயிற்சி? நான் குளிக்கப் போனதும் ஃப்ரிட்ஜத் திறந்தீங்களே, அதுவா? தண்ணி கலந்தீங்களே, அதுவா? வயித்துக்கிட்ட ரகசியமா 'பழகிக்கோ'ன்னு சொன்னீங்களே. அது தெருமுனை வரைக்கும் கேட்டுச்சு. உங்க குரல் அப்படி."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"வயிறு வலிச்சு நீங்க புரண்டது எனக்குப் பொறுக்கல. சொன்னா கேக்கிற ஆளா நீங்க? அதான் சொட்டு விட்டேன்." புட்டியைத் திரும்பக் கைப்பைக்குள் போட்டாள். "இன்னொண்ணும் இருக்கு. இந்த மருந்து விட்டா பால் தானா தித்திக்கும். அதனால உங்க சர்க்கரைய மெதுவா குறைச்சேன். மூணு ரெண்டாச்சு. ரெண்டு ஒண்ணாச்சு. இப்ப அரை ஸ்பூன்."

வானொலி தலையணையை விட்டெறிந்தார். குரல் பெரிதாக வந்தது. "அரை ஸ்பூனா? என் சபதம் என்ன ஆச்சு? இது பச்சைத் துரோகம்."

"இருக்கட்டும். நாள் பூரா நான் சர்க்கரை மாத்திரைய எண்ணி எண்ணிக் கொடுக்கிறேன். வாங்க நிக்கிற ஒவ்வொரு ஆளைப் பார்க்கும்போதும் எனக்கு உங்க ஞாபகம்தான். அந்த வரிசையில உங்களைப் பார்க்க என்னால முடியாது. நீங்க ரொம்ப நாள் இருக்கணும், இப்படியே தொணதொணன்னு பேசிக்கிட்டு. எனக்கு அது போதும்."

வானொலிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. இந்தத் தடவை நிஜமாகவே. அவள் கையைப் பிடித்துக்கொண்டார். இப்படி ஒருத்தி தனக்கு வாய்த்தாளே என்று நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. ஆனாலும் சபதம் சபதமல்லவா?

"சொட்டு மருந்து இருந்துட்டுப் போகட்டும்," என்றார். "ஆனா நாளையிலிருந்து என் காபிய நானே போட்டுக்கிறேன். மூணு ஸ்பூன். தலை தட்டாம."

"தாராளமா," என்றாள் அவள்.

காலையில் அவர் நிமிர்ந்த நெஞ்சோடு சமையலறைக்குள் போனார். காபியை ஊற்றினார். அவள் பார்க்கிறாளா என்று ஒரு கண் வைத்துக்கொண்டே ஒன்று, இரண்டு, மூன்று என்று சர்க்கரையைக் கொட்டிக் கலக்கினார். அவள் பார்க்கவே இல்லை. கண்ணாடி முன்னால் நின்று தலை வாரிக்கொண்டிருந்தாள். வானொலி கப்பைத் தூக்கி, சத்தமாக உறிஞ்சி, ஒரு பெரிய வாய் குடித்தார்.

பற்கள் கூசின. நாக்கு மடங்கிக்கொண்டது. நேற்றைய எதிர்க் கடைக் காபி இப்போதுதான் அவருக்குப் புரிந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கன்னம் உப்பிப்போய் நின்றார்.

அவள் திரும்பாமலே சீப்பால் ஜன்னல் பக்கம் காட்டினாள். அங்கே தட்டுப் போட்டு மூடி ஒரு கப் இருந்தது.

"அரை ஸ்பூன் போட்டது அங்க இருக்கு," என்றாள். "ஆறிடப் போகுது, எடுத்துக்கோங்க."