வன்னிச் சுற்றுக்குத் துவக்கவிழா

"கார் வரேல்லை அக்கா," என்றான் நிருஷன், ஏதோ தேங்காய் வரவில்லை என்பதுபோல.

ராஜினி கட்டிக்கொண்டிருந்த பூச்சரத்தைக் கைவிட்டாள். முள்ளியவளையில் கலியாணத்துக்கும், பெண்பிள்ளை பெரியவளானால் செய்யும் சாமத்தியவீட்டுக்கும் மண்டபம் சோடிக்கிறவள் அவள். சர்வதேசக் கார்ப் பந்தயத் தொடர் ஒன்றின் துவக்கவிழாவுக்குச் சோடிப்பது இதுதான் முதல்தடவை. ஒருவர் மட்டும் இருந்து ஓட்டும் பந்தயக் கார்கள் நாடுநாடாக ஓடுமாம். ஒரு சுற்று இங்கேயும் ஓடுமாம். பஸ்ஸே பள்ளத்துக்குப் பள்ளம் யோசித்துப் போகிற வீதியில்!

அந்தத் தொடருக்கு ஆசியப் பொறுப்பாளன் நிருஷன். லண்டனில் அவன் என்ன வேலை செய்தான் என்று எவருக்கும் தெரியாது. இந்த வெய்யிலிலும் கோட்டைக் கழற்றமாட்டான்.

"பின்னேரம் விழா. மேடையிலை எதைத் திறக்கிறது?"

"துணியாலை மூடினால் கார் மாதிரித் தெரியிற சாமான் ஒண்டு போதும் அக்கா. மிச்சத்தை நான் கதைச்சுச் சமாளிப்பன்."

கதைப்பதில் மட்டும் அவனுக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் விழா குழம்பினால் பழி சோடித்தவள் தலையில்தான் விழும். பிறகு ஊரில் ஒரு கலியாணமும் அவளைத் தேடி வராது.

ராஜினி பக்கத்து வயலுக்கு ஓடி, கனகலிங்கத்தாரின் கையுழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து மேடையேற்றிக் கறுப்புப் பட்டுத் துணியால் மூடினாள். கைப்பிடி இரண்டும் துருத்திக்கொண்டு நின்றன.

"கொம்பு வைச்ச எருமை மாதிரி நிக்குது," என்றாள் அவளே.

அதை இறக்கிவிட்டு, மீன் வியாபாரி கச்சு முகம்மதுவுக்குப் போன் எடுத்தாள்.

"நானா, நீளமா, மூக்குக் கூரான சாமான் ஏதும் இருக்கோ?"

"சின்னப் போட் ஒண்டு இருக்கு தங்கச்சி. ஆனா காலமைதான் கடலாலை வந்தது."

"பரவாயில்லை, கொண்டுவாங்கோ!"

படகு வந்தது. கல்லடுக்கி அதை ஏற்றி, இருபக்கமும் மோட்டார்சைக்கிள் சில்லுகளைச் சாத்தித் துணியைப் போட்டார்கள். பந்தயக் காரேதான்! ராஜினி நிம்மதியாக மூச்சு விட்டாள். அடுத்த மூச்சை இழுத்தபோதுதான் சூடை மீன் மணம் மூக்கில் ஏறியது.

கைவசம் இருந்த பன்னீரை எல்லாம் தெளித்தாள். இப்போது மீனுக்கே கலியாணம் நடக்கிற மாதிரி மணத்தது.

பின்னேரம் பிரமுகர்கள் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டிருக்கையில், பூனைகள் இரண்டு துணிக்குள் புகுந்தன. துணி அசைந்தது. உறுமலும் கேட்டது.

"எஞ்சின் இப்பவே துடிக்குது!" என்று மைக்கில் முழங்கினான் நிருஷன். வெட்கம் என்பது மருந்துக்கும் இல்லை. வேகம், நவீனம், வன்னியின் எதிர்காலம் என்று அவன் அடுக்க அடுக்க, முன்வரிசைப் பிரமுகர்கள் ஒரு கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மறு கையால் தொடையில் தட்டினார்கள்.

அவன் கதைத்து முடிக்கவில்லை. தொடரின் தலைவரான வெள்ளைக்காரர் எழும்பிவந்து துணியை இழுத்துவிட்டார்.

பூனைகள் பாய்ந்தன. ஒன்றின் வாயில் சூடை. படகின் பக்கத்தில் கச்சு முகம்மதுவின் மனைவி பெயர், 'ஸக்கியா' என்று கொட்டை எழுத்தில்.

நிருஷன் முதல்தடவையாகக் கோட்டைக் கழற்றினான்.

வெள்ளைக்காரர் படகைச் சுற்றி வந்தார். சில்லைத் தடவிப் பார்த்தார். பிறகு உள்ளே ஏறி இருந்து, கண் கலங்கக் கையசைத்தார். உடனே பிரமுகர்கள் எல்லோரும் எழும்பிக் கைதட்டினார்கள். எதற்கென்று கேட்டுத் தட்டுகிற பழக்கம் அவர்களுக்கு இல்லை.

ராஜினி, தலைவரோடு பாரிசிலிருந்து வந்து விழாவைப் படம் பிடித்துக்கொண்டிருந்த கஜனியிடம் போனாள்.

"தங்கச்சி, அவரிட்டை எனக்காக மன்னிப்புக் கேளுங்கோ. இது காரில்லை, மீன் பிடிக்கிற போட்."

கஜனி கமராவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"விடுங்கோ அக்கா. எல்லா நாட்டிலையும் இவையின்ரை துவக்கவிழாவை நான்தான் எடுத்தனான். துணிக்குக் கீழை ஏதோ ஒண்டு இருந்தது இங்கைதான்."