சுத்த சைவம் என்று நான் வைத்த தலைப்பு

ஒரு பெரிய பொய்யைச் சொல்ல அறுபது எழுத்து போதும். நான் சொன்ன பொய் அதற்குள் கச்சிதமாக அடங்கியது. அன்றைக்கு அதில் எனக்குப் பெருமை வேறு.

இணையதளம் செய்துகொடுப்பதுதான் இன்று என் பிழைப்பு. நெல் மண்டிக்காரர், பல் டாக்டர், போர்வெல் லாரிக்காரர் என்று சுற்றுவட்டாரத்தில் பலருக்குச் செய்திருக்கிறேன். யாராவது "மேடம், தலைப்புல கொஞ்சம் தூக்கலா எதுனா போடுங்க" என்று கேட்டால் நான் இன்றும் லேப்டாப்பை மூடிவிடுவேன். எல்லாம் என் முதல் வாடிக்கையாளரால் வந்தது. அவர் என் நைனா.

நைனா உத்திரமேரூரில் பிரியாணி மாஸ்டர். பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஏழுமலை வீடு எங்கே என்று கேட்டால், "பிரியாணி ஏழுமலையா?" என்றுதான் திருப்பிக் கேட்பார்கள். கல்யாண ரிசப்ஷன், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவானாலும் முப்பது வருஷமாக ஒரே சமையல்தான். ஆட்டுக்கறி பிரியாணி, கத்தரிக்காய்த் தொக்கு, தயிர் வெங்காயம். வேறு ஏதாவது கேட்டால் காது கேட்காதவர் போல அடுப்பைப் பார்ப்பார்.

காஞ்சிபுரத்தில் மூன்று மாத டிஜிட்டல் மார்க்கெட்டிங் கோர்ஸ் முடித்துவிட்டு வந்த எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. தெரிந்தது கால் பங்கு, திமிர் முக்கால் பங்கு. நைனாவுக்கு ஒரு இணையப் பக்கம் போட்டு, இன்டர்நெட்டில் தேடினால் முதலில் அவர்தான் வரவேண்டும் என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். பிரியாணி என்று தேடிப் பார்த்தேன். ஜில்லாவில் இருக்கிற அத்தனை அண்டாவும் எனக்கு முன்னால் வரிசையில் நின்றது. வளைகாப்பு, சைவ சமையல், உத்திரமேரூர் என்று தேடிப் பார்த்தேன். ஈ, காக்கா இல்லை.

அங்கேதான் என் மூளை வேலை செய்தது. தேடினால் முதலில் கண்ணில் படுகிற அறுபது எழுத்துத் தலைப்பில் 'உத்திரமேரூர் சுத்த சைவ சமையல் மாஸ்டர்' என்று போட்டேன். அதற்குக் கீழே வருகிற விவரத்தில், 'வளைகாப்பு, கிரகப்பிரவேசத்துக்கு வீட்டுக்கே வந்து சமைத்துத் தருவோம். வெங்காயம், பூண்டு இல்லாமலும் செய்யப்படும்' என்று எழுதி, நைனாவின் போன் நம்பரையும் அங்கேயே சேர்த்தேன். (வெங்காயம், பூண்டு இல்லாமல் நைனாவுக்கு வெந்நீர்கூட வைக்க வராது.) பக்கத்தைத் திறந்தால் உள்ளே நைனா அண்டா மூடியைத் திறந்து பிரியாணி தம் உடைக்கிற போட்டோ. ஆள் உள்ளே வந்தால் போதும், அந்த ஆவியைப் பார்த்ததும் சைவமாவது ஒன்றாவது என்பது என் கணக்கு.

தலைப்பும் விவரமும் உள்ளே இருப்பதைத்தான் சொல்லவேண்டும் என்று கோர்ஸில் ஒரு முழு வகுப்பே எடுத்தார்கள். அந்த வகுப்பில் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து என் வருங்காலக் கம்பெனிக்கு லோகோ வரைந்துகொண்டிருந்தேன்.

பத்தே நாளில் போன் வந்தது. பழையசீவரத்திலிருந்து வரதராஜன் என்று ஒருவர், ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர். பெண்ணுக்கு வளைகாப்பு. தேடியவர் தலைப்பைப் பார்த்தார், விவரத்தைப் பார்த்தார், நம்பரைப் பார்த்தார். பக்கத்தைத் திறக்கவேண்டிய அவசியமே நான் அவருக்கு வைக்கவில்லை.

நைனா யாரிடமும் மூன்று கேள்விதான் கேட்பார். "எத்தினி பேரு சார்? எந்த ஊரு? பந்தி எத்தினி மணிக்கு?" நூற்றைம்பது பேர், பழையசீவரம், பன்னிரண்டு மணி. என்ன சமைக்கவேண்டும் என்று அவர் கேட்கவில்லை, முப்பது வருஷத்தில் கேட்டதும் இல்லை. வரதராஜன் சாரும் சொல்லவில்லை. அதான் எழுதியே போட்டிருக்கிறதே.

"எல்லாம் நீங்க வழக்கமா பண்றதுதானே?" என்று மட்டும் அவர் கேட்டது ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது.

"வழக்கமா பண்றதுதான் சார். நீங்க நிம்மதியா இருங்க" என்றார் நைனா.

வளைகாப்புக்கு யாராவது பிரியாணி போடுவார்களா என்று எனக்கு ஒரு நொடி உறுத்தத்தான் செய்தது. எங்கள் சொந்தத்தில் போடுகிறார்களே என்று அதை அமுக்கிவிட்டேன்.

காலை ஆறரைக்குக் குட்டியானை வண்டி பழையசீவரத்தில் போய் நின்றது. நைனா, அவருடைய கையாளான சலீம் அண்ணன், இன்னும் இரண்டு பேர், இருபத்தைந்து கிலோ ஆட்டுக்கறி, கடைசியாகச் செல்போனோடு நான். இணையப் பக்கத்தில் போடுவதற்குப் போட்டோ எடுக்க வந்திருந்தேன். வீட்டுக்குப் பின்னால் சாமியானா கட்டி, கோலம் போட்டு, அடுப்புக்குக்கூட மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள். அடுப்பில் குங்குமத்தைப் பார்த்ததுமே செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.

அந்த வீட்டு அம்மா எல்லாருக்கும் காபி கொண்டுவந்தார். ஈரத்துணி போட்டு மூடியிருந்த அலுமினியப் பாத்திரத்தைப் பார்த்து, "காயெல்லாம் நறுக்கியே கொண்டு வந்துட்டீங்களா?" என்றார்.

நைனா பெருமையாகத் துணியை விலக்கினார். "இளசு மா. வெள்ளாடு. தொடைக்கறி தனியா சொல்லி வாங்கிக்கினு வந்தேன்."

அந்த அம்மா கத்தவில்லை. காபித் தட்டை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போனார். கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அடுத்த நிமிஷம் வரதராஜன் சார் வந்தார். அவருக்கு மூச்சு வாங்கியது. "என்னய்யா இது, எங்க வீட்டுக்குக் கறியக் கொண்டு வந்திருக்கீங்க?"

"பின்ன பிரியாணிக்கு இன்னா சார் போடுவாங்க?"

"யாரு பிரியாணி கேட்டா? சுத்த சைவம்னு போட்டிருக்கீங்களே."

"நானா? நான் எங்க சார் போட்டேன்? ஊர்ல யாரை வேணா கேளுங்க."

அவர் செல்போனை நீட்டினார். கண்ணாடி எடுத்து வரவில்லை என்று நைனா அதைச் சலீம் அண்ணனிடம் கொடுத்தார். அவர் ஒரு முறை மனதுக்குள் படித்தார், பிறகு என்னைப் பார்த்தார், பிறகு சத்தமாகப் படித்தார். வெங்காயம், பூண்டு இல்லாமலும் என்ற இடத்தில் அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

நைனா தலையை ஆட்டினார். "அது வேற யாரோ சார். என்து எம்பொண்ணு போட்டது. அது படிச்சிட்டுப் போட்டுது, தப்பா போடாது."

அங்கேயே பூமி பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். வேறு ஒரு ஏழுமலை இருக்கிறார், நம்பர் மாறிப்போச்சு, யாரோ மாற்றிவிட்டார்கள் என்று மூன்று பொய் நாக்கு நுனிவரை வந்தது. நைனா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், அவ்வளவு நம்பிக்கையோடு நின்றார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"நைனா, நாந்தான் போட்டேன். தெரிஞ்சேதான் போட்டேன்."

"இன்னாத்துக்கு?"

"அப்பதான் நம்ம பேரு மேல வரும்."

நைனா என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அந்தப் பாத்திரத்தைத் திரும்பத் துணியால் மூடினார். நாலு மூலையையும் ஒவ்வொன்றாக இழுத்துச் செருகினார். "சலீமு, இதெல்லாம் ஏத்திக்கினு வூட்டுக்குப் போ. அண்டா, கரண்டி, ஒண்ணு விடாத எடுத்துக்கோ" என்றார். பிறகு வரதராஜன் சாரிடம் கைகூப்பினார். "தப்பு எங்கள்து சார். மணி ஏழு. நீங்க வேற ஆளக் கூப்ட்டுப் பாருங்க. யாருனா வந்தா நான் கூடமாட காய் நறுக்கறேன். வரலன்னா நானே பண்றேன். சாப்பாடு போடாத நான் இங்கருந்து போவ மாட்டேன்."

வரதராஜன் சார் ஐந்து பேருக்குப் போன் போட்டார். அன்று முகூர்த்த நாள். வாலாஜாபாத்திலிருந்து செங்கல்பட்டு வரைக்கும் கரண்டி பிடிக்கத் தெரிந்த ஒருவர்கூட சும்மா இல்லை.

அந்த அம்மா மறுபடி வெளியே வந்தார். கண் சிவந்திருந்தது. "கல்யாணமாகி ஏழு வருஷம் கழிச்சு என் பொண்ணு உண்டாயிருக்கா. இன்னைக்கு வர்றவங்க பசியோட திரும்பினா என் மனசு ஆறாதுங்க. கலந்த சாதம் அஞ்சு வகை வேணும். பண்ணத் தெரியுமா?"

"சோறு வடிக்கத் தெரியும் மா. மீதிய நீங்க சொல்லுங்க."

"உங்க பாத்திரம் ஒண்ணும் வேண்டாம்."

"அது போயிடுச்சு மா."

பாத்திரம் பஜனை கோயிலில் இருந்தது. ஊர் விசேஷத்துக்கென்று வாங்கி வைத்த அண்டாக்கள். சாவி பால் சொசைட்டியில் பால் அளக்கிறவரிடம் இருந்தது. நான் ஓடினேன். அவருக்கு முன்னால் இருபது பேர் கேனோடு நின்றார்கள். சாவி அவர் இடுப்பில் தொங்கியது, வரிசை முடியாமல் நகரமாட்டேன் என்றார். ஏழரை ஆனது, ஏழு ஐம்பது ஆனது. நான் ஒவ்வொரு கேனாக எண்ணிக்கொண்டு நின்றேன். (ஒரு பெரியவர் பாக்கி பாலுக்காக வீட்டுக்குத் திரும்பிப் போனபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.)

கடைசியில் என் பக்கம் திரும்பினார். "சமையல் யாரு?"

சைவ மாஸ்டர் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். பழக்க தோஷம். அடக்கிக்கொண்டு, "உத்திரமேரூர் ஏழுமலைண்ணா" என்றேன்.

"பிரியாணி ஏழுமலையா? ராஜகுளத்துல ஒரு ரிசப்ஷன்ல சாப்ட்டுக்கீறேன். அந்தாளுக்கு வளைகாப்பு வூட்ல இன்னா வேலை?"

"நான் பண்ண தப்புண்ணா." முழுக்கதையையும் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. சாவியைக் கழற்றிக் கொடுத்தார். "நாலு அண்டா எடுத்துக்கோ. திருப்பித் தரசொல்ல புளி போட்டுத் தேச்சுக் குடுக்கணும். நீயே தேய்க்கணும், ஆளு வெக்கக் கூடாது."

நான் அண்டாக்களோடு திரும்பியபோது எட்டே கால். அதற்குள் வரதராஜன் சார் ஊர்க் கடையிலிருந்து அரிசி, பருப்பு, புளி, தேங்காய் எல்லாம் வாங்கி வந்திருந்தார். நைனாவும் இரண்டு ஆட்களும் தலைக்குக் குளித்து, வரதராஜன் சார் கொடுத்த துவைத்த வேட்டியில் நின்றார்கள். அந்த அம்மா அடுப்புக்கு எதிரே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். எண்ணெய் காய்ந்ததும் நைனாவின் வலது கை இல்லாத இஞ்சி பூண்டு விழுதைத் தேடிப் போகும். அந்த அம்மா "ம்ஹும்" என்பார். கை திரும்பி வரும். யாராவது உப்பு பார்த்துச் சொன்னாலே முறைக்கிற மனிதர், அன்று "இது போதுமா மா?" என்று கரண்டிக்குக் கரண்டி கேட்டார். நான் ஒரு மூலையில் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தேன். விரலில் எங்கெங்கே வெட்டுக்காயம் இருக்கிறது என்று அத்தனையும் அன்று தெரிந்தது.

பத்தரைக்கு உள்ளே வளையல் சத்தம் கேட்டது. புளி சாதம் மட்டும்தான் தயார். பதினொன்றரைக்கு எலுமிச்சை, தயிர், சர்க்கரைப் பொங்கல். அந்த அம்மாவை நலங்கு வைக்கக் கூப்பிட்டார்கள். பத்து நிமிஷம் அவர் நாற்காலியில் இல்லை. தேங்காய் சாதத்துக்குத் தாளித்தது அந்தப் பத்து நிமிஷத்தில்தான்.

பன்னிரண்டு ஐந்துக்கு இலை போட்டார்கள். முதல் வரிசையில் சம்பந்தி வீட்டார். நைனா வாளியைத் தூக்கிக்கொண்டு தானே பரிமாறப் போனார். புளி சாதம் போனது, எலுமிச்சை போனது, யாரும் எதுவும் சொல்லவில்லை. தேங்காய் சாதத்தில் ஒரு வாய் வைத்ததும் சம்பந்தி அம்மா நிறுத்திவிட்டார். மோந்து பார்த்தார்.

"இதுல பட்டை கிராம்பு வாசனை வருதே?"

நைனா வாளிக்குள் குனிந்து பார்த்தார். கை முப்பது வருஷப் பழக்கத்தில் அந்த வீட்டு அஞ்சறைப் பெட்டியிலிருந்து பட்டையும் கிராம்பும் எடுத்துப் பொரித்துவிட்டிருக்கிறது, மனிதருக்கே தெரியாது. எல்லா முகமும் வாளியைப் பார்த்தது. இனி அடுத்த கேள்வி மாஸ்டர் யார், எந்த ஊர் என்பதுதான். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வீட்டு அம்மா வந்து நைனாவுக்கு முன்னால் நின்றார். முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "எங்க அம்மா வீட்டுப் பக்கம் அப்படித்தாங்க தாளிப்பாங்க. உண்டாயிருக்கிற பொண்ணுக்குச் செரிமானத்துக்கு நல்லது."

"அப்படியா? சொல்லவே இல்லையே நீங்க" என்றார் சம்பந்தி அம்மா. இன்னொரு வாய் எடுத்தார். "இன்னும் கொஞ்சம் வைங்க."

முதலில் தீர்ந்தது தேங்காய் சாதம்தான். கடைசிப் பந்தி முடிந்ததும் நைனா பின்பக்கம் போய், அடுப்புக் கல்லில் உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று கிட்டே போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. நான் அண்டா தேய்க்கப் போனேன்.

அந்தக் கறியைச் சலீம் அண்ணன் எங்கள் வீட்டில் சமைத்துத் தெருவுக்கே போட்டிருந்தார். நைனா அதில் ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. "அந்த எழுத்த மொதல்ல மாத்திடு" என்று மட்டும் சொன்னார். உடனே மாற்றினேன். ஆனால் நான் மாற்றியது தேடுகிறவர்கள் கண்ணுக்குத் தெரிய மூன்று வாரம் ஆனது. அதுவரை சைவம் கேட்டுப் போன் வந்துகொண்டே இருந்தது. நைனா ஒவ்வொருவரிடமும் என் தப்பை முதலிலிருந்து சொல்லி மன்னிப்புக் கேட்டார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கவேண்டும், அதுதான் எனக்குத் தண்டனை.

நாலு வருஷம் கழித்து எனக்கு மாப்பிள்ளை பார்த்தார்கள். ஜாதகத்தோடு அனுப்பும் விவரத்தாளை என் அத்தைதான் எழுதினார். நிறம், உயரம், படிப்பு எல்லாம் எழுதிவிட்டு, 'சமையல் நன்றாகத் தெரியும்' என்று முடித்தார். நைனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார். சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து அந்த வரியை அடித்தார்.

"யோவ், இன்னா பண்றே? அதப் பாத்துத்தானே வருவாங்க?" என்று அத்தை பதறினார்.

"வந்துட்டு?" என்றார் நைனா. "சாப்பாட்டு நேரத்துக்கு நான் போயி நிக்கணுமா?"

அடித்த தாள் அடித்தபடியே போனது. பெண் பார்க்க வந்த இடத்தில் அந்த அடித்த வரிக்கு என்ன அர்த்தம் என்று மாப்பிள்ளை கேட்டார், நைனா பழையசீவரம் கதையை ஒன்று விடாமல் சொன்னார். அந்த மாப்பிள்ளைதான் இன்று என் கணவர். வீட்டுக்கு யார் விருந்தாளி வந்தாலும், நான் அடுப்படிக்குள் போனதும், என் மாமியார் பீரோவிலிருந்து அந்தத் தாளை எடுத்து வந்து காட்டுகிறார். "எங்க சம்பந்தி மறைக்கலைங்க. எழுதி அடிச்சே குடுத்தாரு" என்கிறார்.