துபாயில் பேசிய இன்னொருத்தி

எனக்குப் பேய், பாம்பு, மாமியார் மூன்றிடமும் பயம் கிடையாது. (மாமியார் விஷயத்தில் கொஞ்சம் பொய்.) நான் நடுநடுங்கிப் போனது ஒரு பெண்ணின் குரலைக் கேட்டுத்தான்.

நாகப்பட்டினம் பக்கம் எங்கள் ஊர். வீட்டுக்கு ஒருவர் வளைகுடாவில் இருந்த தொண்ணூறுகள். கல்யாணமான கையோடு என்னவரும் துபாய்க்குப் பறந்துவிட்டார். அங்கே போன சிலர் இன்னொரு குடும்பம் வைத்துக்கொள்கிறார்கள் என்று தெருவில் பேச்சு அடிபடும். அந்தப் பயம் என் வயிற்றிலேயே குடியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்த நேரம், கடைத்தெரு எஸ்.டி.டி. பூத்துக்கு அவருடைய முதல் போன் வந்தது. மாமியாரும் நானும் முந்தானை பறக்க ஓடினோம். எங்கள் இருவருக்குமே போனில் பேசுவது அதுதான் முதல் தடவை. மாமி பெருந்தன்மையாக என்னை முதலில் பேசச் சொன்னார்.

"மச்சான், நல்லாருக்கீங்களா?" என்றேன். எங்களில் புருஷனை மச்சான் என்றுதான் கூப்பிடுவோம்.

கண்மூடித் திறப்பதற்குள் அந்தப் பக்கம் ஒரு பெண், கீச்சுக் குரலில், "மச்சான், நல்லாருக்கீங்களா?" என்றாள்.

"யாரு அவ?" என்றேன். "யாரு அவ?" என்று அவளும் கேட்டாள். திமிரைப் பாருங்கள்! இங்கே பொம்பளையே கிடையாது, பின்னால் ஆம்பளைகள்தான் வரிசையில் நிற்கிறார்கள் என்று அவர் சத்தியம் பண்ணினார். பிடிபட்டவர் வேறென்ன சொல்வார்? என் வாழ்க்கை போச்சு, இனி பெத்த அத்தா வீட்டுக்குப் போய் எந்த முகத்தோடு நிற்பேன் என்று அங்கேயே அழ ஆரம்பித்தேன்.

மாமி ரிசீவரைப் பிடுங்கி, எந்தச் சிறுக்கிடா உன் பக்கத்தில் என்று கத்தினார். மறுகணம் முகம் வெளுத்து, ரிசீவரைப் பொத்திக்கொண்டு என் காதில் கிசுகிசுத்தார்.

"பொண்ணு மட்டும் இல்லம்மா. அவ ஆத்தாக்காரியும் கூட இருக்கா. வாய் ரொம்ப நீளம்."

குடும்பத்தோடேயே வந்துவிட்டார்களா! நான் பூத்துத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடிக்கு வெளியே பாதிக் கடைத்தெரு கூடி நின்றது. மாமி மட்டும் விடவில்லை. "நான் கதீஜா. உன் பேரு என்னடி?" என்று அதட்டினார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார்.

"அவளும் கதீஜாவாம்."

அவர் துபாயில் விழுந்து விழுந்து சிரித்தது கீழே உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. நாம் பேசுவது செயற்கைக்கோள் வரை ஏறி இறங்கி வருகிறது, அதில் கொஞ்சம் வந்த வழியே திரும்பிவிடும் என்று விளக்கினார். மாமி நம்பிவிட்டார். நான் நம்பவில்லை. என் குரல் எனக்குத் தெரியாதா? அவர் விடுப்பில் வரும்வரை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் பயந்து பயந்து செத்தேன்.

வந்தவர் புது டேப் ரெக்கார்டரில் என்னைப் பேசவைத்துப் போட்டுக் காட்டினார். கேட்டது சாட்சாத் அவளேதான்! நம் குரல் காது வழியாக மட்டுமல்ல, மண்டை எலும்பு வழியாகவும் நமக்குக் கேட்கிறதாம். அதனால் நமக்கு மட்டும் கனமாக ஒலிக்கிறதாம். (ஊர் இத்தனை வருஷமாகச் சகித்தது அந்தக் கீச்சைத்தான்.)

அன்றிலிருந்து அவர் எங்கே போனாலும் இரண்டு சேலை வாங்கி வருகிறார். பிள்ளைகள் முன்னால் பிரித்து வைத்து, "இது உனக்கு, இது அவளுக்கு" என்பார். வீடே சிரிக்கும். நான் இரண்டையும் எடுத்து பீரோவில் வைத்துக்கொள்வேன். பாவம், அவள் ஒரு நாளும் வந்து கேட்டதில்லை.