மாறாத மனிதரின் ரத்தம்

இரண்டாவது வாரமே சர்க்கரை மேடத்தின் வீட்டுக்காரர் மாறிப்போயிருந்தார். அதாவது, அவருடைய ரத்தம். போன வாரம் திரையில் பெரிய முகடு நின்ற இடத்தில் இப்போது சப்பையாக ஒரு மேடு. மேடம் தலையில் கைவைத்துக்கொண்டாள்.

அந்த ஆய்வுக்கூடத்தில் அவளுக்குச் சர்க்கரை மேடம் என்றுதான் பெயர். அவள் அளப்பது காப்பியில் போடுகிற சர்க்கரை அல்ல. ரத்தத்தைச் சுழற்றினால் மேலே தெளிந்து நிற்கிற மஞ்சள் நீர்தான் பிளாஸ்மா. அதிலுள்ள புரதங்களின்மேல் சர்க்கரை கிளைகிளையாக ஒட்டிக்கொண்டிருக்கும். அந்தக் கிளைகளை வெட்டி, ஒளிரும் சாயம் ஏற்றி, புது மெஷினுக்குள் அனுப்பினால் ஒவ்வொன்றும் ஒரு முகடாக வரும். ஆளுக்கு ஆள் முகடுகள் வேறு. ஒரே ஆளுக்கு அவ்வளவு லேசில் மாறாது.

நோய் தலைகாட்டும் முன்பே இந்தக் கிளைகள் காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்பி, வருஷக்கணக்காகக் கெஞ்சி அவள் வாங்கிய மெஷின் அது. டைரக்டர் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்.

"ஒரே ஆள் ரத்தம் மாசம் முழுக்க ஒரே மாதிரி வரணும். வந்தா மெஷினும் இருக்கும், உங்க ஆராய்ச்சியும் இருக்கும். இல்லைன்னா ரெண்டுமே கிடையாது."

மாறாத ஆளுக்கு அவள் எங்கே போவாள்? வீட்டிலேயே ஒருவர் இருந்தார். கல்யாணமான நாளிலிருந்து அதே மீசை, அதே நாற்காலி, சொன்னதையே சொல்லிச் சிரிக்கிற அதே ஜோக்.

"வாரம் ஒரு குழாய்தாங்க. ஆபீஸ் போற வழியில எங்க லேப் கீழ்மாடியில நர்ஸம்மாகிட்ட குடுத்துட்டுப் போயிடுங்க."

"ஊசியா?" முகம் வெளுத்தது. உடனே சமாளித்துக்கொண்டார். "உனக்காக உயிரையே குடுப்பேன். ரத்தம் என்ன பிரமாதம்?"

சொன்ன சொல் தவறவில்லை. குழாய்கள் தவறாமல் மாடிக்கு வந்தன. முகடுகள்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

மேடம் மெஷினைக் கழுவினாள், சாயத்தை மாற்றினாள், சந்தேகத்துக்கு இன்னொரு குழாய் கேட்டு வாங்கினாள். அது முதல் இரண்டோடும் ஒத்துப்போகவில்லை. கம்பெனி என்ஜினியர் வந்து ஒரே குழாயைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தார். அச்சு அசலாக ஒரே மாதிரி வந்தது.

"மெஷின் நல்லாத்தான் இருக்கு மேடம். சார்தான் சரியில்ல."

விவகாரம் வீட்டுக்கு வந்தது.

"வெளியில என்ன சாப்பிடறீங்க? உண்மையைச் சொல்லுங்க."

"நீ கட்டிக் குடுக்கறதுதான்."

"பின்ன எப்படி மாறும்?"

"வயசாகுதில்ல?" என்று அவர் பேப்பருக்குள் புகுந்துகொண்டார்.

மாமியார் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "கல்யாணத்துக்கு முன்னாடி அவன் ரத்தம் நல்லாத்தான் இருந்துச்சு."

அடுத்த தடவை மேடம் அவரை வெறும் வயிற்றோடு அனுப்பினாள். வந்த முகடுகள் முன்னதைவிட மோசம். அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல். ஊசிக்கு நடுங்குகிற மனிதர் ஒரு நாளும் முணுமுணுக்கவில்லை, கையில் குத்திய தடம்கூட இல்லை. நர்ஸம்மாவுக்கு எவ்வளவு பதமான கை என்று நினைத்துக்கொண்டாள்.

மாசக் கடைசியில் டைரக்டர் நாலு தாள்களையும் மேஜைமேல் வரிசையாகப் பரப்பினார்.

"இது நாலும் தனித்தனி ஆளுன்னு உங்க மெஷின் சத்தியம் பண்ணுது. நீங்க ஒரே ஆளுங்கறீங்க. இந்தப் பொய்யை வெச்சுக்கிட்டு நோயாளிங்ககிட்ட எப்படிம்மா போறது? மெஷினைத் திருப்பி அனுப்பிடலாம்."

மேடம் தாள்களை வாரி எடுத்தாள். "இன்னைக்கு வர்ற குழாயையும் பார்த்துட்டு முடிவு பண்ணலாம் சார். ஒரே ஒரு தடவை."

கதவு திறந்தது. வழக்கமாகக் குழாயை லிப்டில் அனுப்பிவிடுகிற நர்ஸம்மா, இன்று தானே எடுத்து வந்திருந்தாள். கொடுத்த பிறகும் போகாமல் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"என்னம்மா?" என்றார் டைரக்டர்.

நர்ஸம்மா மேடத்தைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "குடும்ப விஷயம்னு இத்தனை நாளா வாயைத் தொறக்கல மேடம்... ஒவ்வொரு தடவையும் புதுசா ஒருத்தர் வந்து 'நான்தான் மேடத்தோட வீட்டுக்காரர்'னு கையை நீட்டறாரு, இன்னைக்கு வந்த சிவப்புச் சட்டைக்காரரையும் சேர்த்து உங்களுக்கு மொத்தம் அஞ்சு பேரா?"