பேஸ் கிட்டாரும் பின் ரூமும்

நாற்பத்தாறாவது வயதில் நான் ஒரு சபதம் செய்தேன். என் கையாலேயே ஒரு பேஸ் கிட்டார் செய்வது. ஒன்று சரியாக வந்துவிட்டால் அடுத்து இன்னொன்று. ஆரணி என்றால் பட்டு மட்டுமில்லை, கிட்டாரும்தான் என்று ஊர் எல்லையில் போர்டு வைக்கும்வரை ஓய்வதில்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். பேஸ் கிட்டாருக்கு நாலே நாலு கம்பி. கச்சேரியில் பாட்டுக்கு அடியில் தும் தும் என்று வயிற்றைக் கலக்குமே, அதுதான். வாசிக்கும்போது யாரும் கவனிக்க மாட்டார்கள். நிறுத்தினால்தான் என்னமோ குறைகிறதே என்று திரும்பிப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டில் என் நிலைமையும் கிட்டத்தட்ட அதுதான். நிறுத்தினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள், அது ஒன்றுதான் வித்தியாசம்.

எனக்குத் தொழில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடுவது. ஹாலில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கட்டம் கட்டமாக மயிலும் மாங்காயும் போடுவேன். என் மனைவி மதிவதனிக்கு நெசவு. வேலை சேவூரில், ஒரு முதலாளியின் கொட்டகையில். தினமும் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வருவாள். வீட்டிலேயே சொந்தமாக ஒரு தறி போட வேண்டும் என்பது அவளுடைய பத்து வருட ஆசை.

வீட்டில் காலியாக இருந்தது பின் ரூம் ஒன்றுதான். அதைத்தான் நான் கிட்டார் பட்டறையாக்க முடிவு செய்தேன்.

"அப்ப என் தறிய எங்க போடறது? தலை மேலயா?" என்றாள்.

"தறி எங்க ஓடிப்போவுது? ஊரு பூரா தறி. கிட்டார் செய்யறவன் ஒருத்தன் உண்டா?"

"நீங்க செஞ்சி முடிச்சிட்டாலும்! போன வருஷம் தேனீ வளக்கறேன்னு பெட்டி வாங்கினீங்க. ஒரு தேனீ வந்துச்சா? கொட்டறதுக்குக் கூட வரல."

"இது வேற. பந்தயம் கட்டறியா?"

இந்த வார்த்தைக்காகவே காத்திருந்தவள் போல ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஆடி அமாவாசைக்கு இன்னும் ஒரு மாசம் இருக்குது. அன்னிக்கு உங்க கிட்டார் வாசிச்சா பின் ரூம் உங்களுது. இல்லன்னா எனக்கு. சம்மதமா?"

"ஏன் அமாவாசை?"

"அன்னிக்கு ஊர்ல எவனும் தறி மிதிக்க மாட்டான். தெருவே கம்முனு இருக்கும். உங்க கிட்டாரு நல்லா கேக்கும் இல்ல?"

என்ன அக்கறை! என் கண்ணே கலங்கிவிட்டது. நடுவராக ஹேமநாத்தை நானே தேர்ந்தெடுத்தேன். கல்யாணக் கச்சேரிகளில் பேஸ் வாசிக்கிற பையன். என் சிநேகிதன். அவள் பக்கத்து ஆள் இல்லை. நான் விவரமானவன்.

மறுநாளே பின் ரூமில் குடியேறினேன். ரம்பம், இழைப்புளி, உளி, வீடியோ பார்க்க செல்போன். அந்த அறையில் ஜன்னல் என்ற பெயரில் ஒரு ஓட்டை உண்டு. பகலிலேயே இரண்டு லைட் போட வேண்டியிருந்தது.

இதில் ஆச்சரியம் மதிவதனிதான். பந்தயம் கட்டியவள் போலவா நடந்துகொண்டாள்? முள்ளிப்பட்டில் அவள் அம்மா வீட்டில் பரணில் கிடந்த பலாப் பலகையை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். நேரத்துக்குக் காபி. மரத்தூளைப் பெருக்க அவளே வந்தாள். விரலில் உளி பட்டபோது மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டு, "நாளைக்கு லீவு வுட்றாதீங்க, நாள் இல்ல" என்றாள். பாவம், புருஷன் ஜெயித்தால் தன் தறி போய்விடும் என்பதுகூடத் தெரியாத அப்பாவி என்று நினைத்துக்கொண்டேன்.

உடம்பு முடிந்தது. கழுத்து முடிந்தது. அடுத்தது ஃப்ரெட். கழுத்தின் குறுக்கே ஏணிப்படி மாதிரி வரிசையாகப் பதிக்கிற உலோகத் துண்டுகள். அதன்மேல் விரல் வைத்துத்தான் ஸ்வரம் பிடிக்க வேண்டும். வீடியோவில் வெள்ளைக்காரன் ஒருவன் அதற்கு என்னமோ வகுத்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். இருபது வருஷமாகக் கட்டம் போடுகிற எனக்கே கணக்கா? வீடியோவைத் தள்ளிவிட்டேன். ஸ்கேலை வைத்தேன். ஓர் அங்குலத்துக்கு ஒன்று, இருபது ஃப்ரெட், ஒரு நூல் பிசகாமல் அடித்து இறக்கினேன்.

மதிவதனி குனிந்து பார்த்தாள்.

"எல்லாம் ஒரே அளவா இருக்குதுங்களே? மேல போகப் போக நெருக்கமா வராதா?"

"பார்டர்ல மயிலு மயிலா போறனே, போகப் போக மயிலு சின்னதாவா ஆவுது? கட்டம்னா சமமா இருக்கணும். உனக்கு இன்னா தெரியும்?"

"நீங்க சொன்னா சரிதாங்க" என்று போய்விட்டாள். போகிறபோது கையில் செல்போன் இருந்தது. அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

அமாவாசை வந்தது. காலை ஒன்பதரைக்கு ஹேமநாத் ஆம்பிளிஃபையரோடு வந்து இறங்கினான். மூவரும் பின் ரூமுக்குள் போனோம்.

கம்பியை முறுக்கி, சும்மா தட்டினான். தும்ம்! அடி வயிறு அதிர்ந்தது. நான் மீசையைத் தடவிக்கொண்டேன். அடுத்து ஃப்ரெட்டின் மேல் விரலை வைத்துத் தட்டினான். சளி பிடித்த எருமை கூப்பிட்ட மாதிரி இருந்தது. அடுத்த ஃப்ரெட்டில் அந்த எருமைக்குக் காலில் அடிபட்டது. இருபதாவது ஃப்ரெட் வரைக்கும் போவதற்குள் எருமையே செத்துப்போயிற்று.

"ண்ணா, இன்னாண்ணா இது? ஒரு ஸ்வரமும் சேரல. ஃப்ரெட் எல்லாம் சமமா அடிச்சி வெச்சிருக்கியே!"

ஒரு மாத உழைப்பு. ரூம் போச்சு. இனி ஆயுசுக்கும் தேனீயோடு கிட்டாரையும் சேர்த்துச் சொல்லிக் காட்டுவாளே! உண்மையாகவே அழுகை வந்தது.

அப்போதுதான் அந்த அப்பாவி வாயைத் திறந்தாள்.

"ஏன் தம்பி, இந்தப் பட்டை எல்லாம் இல்லாமலே வாசிக்க முடியாதா?"

"முடியும் அண்ணி! ஃப்ரெட்லெஸ்னு ஒரு வகை இருக்குது. காதை வெச்சே வாசிக்கறது. பெரிய பெரிய ஆளுங்க அதான் வெச்சிருக்காங்க. இதெல்லாம் புடுங்கிட்டா போதும்."

தன் தறிக்குத் தானே வேட்டு வைக்கிறாளே! நான் பாய்ந்து குறடை எடுத்தேன்.

"பொறுமையா புடுங்குங்க. மரம் பேந்துடப் போவுது. கதவைச் சாத்திகினு செய்ங்க, வேலை சுத்தமா வரும். நான் போயி டீ போடறேன்" என்று வெளியே போய்க் கதவையும் அவளே சாத்தினாள்.

ஒவ்வொரு ஃப்ரெட்டாகப் பிடுங்க இரண்டு மணி நேரம் ஆனது. டீ வரவில்லை. வெளியே எங்கேயோ தட்டுகிற சத்தம் கேட்டது. ஆம்பிளிஃபையரின் உறுமலில் நான் காது கொடுக்கவில்லை. கடைசி ஃப்ரெட்டும் வந்ததும் ஹேமநாத் தேய்த்துத் துடைத்து, ஃப்ரெட் விட்டுப்போன கோடுகள் கண்ணில் பட்டால் குழப்பும் என்று கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். அப்பா! வெண்ணெயில் கத்தி இறங்கிய மாதிரி ஒரு நாதம். என் கையால் செய்தது! இந்தத் தடவை அழுததற்கு நான் வெட்கப்படவில்லை.

"மதி! ஜெயிச்சிட்டேன்! ரூம் என்னுது!" என்று கத்திக்கொண்டே கதவைத் திறந்தேன்.

வெளியே போக முடியவில்லை. வாசலை அடைத்துக்கொண்டு என் கம்ப்யூட்டர் டேபிள் நின்றது. அதன்மேல் என் சாய்வு நாற்காலி, தலைகீழாக. அதற்கும் மேல் என் தலையணை.

எட்டிப் பார்த்தேன். என் ஹாலில், தெரு வெளிச்சம் முழுக்க விழுகிற இடத்தில், புத்தம் புதுத் தறி ஒன்று சுவரிலிருந்து சுவர் வரை நின்றுகொண்டிருந்தது. முள்ளிப்பட்டு சின்னக்கண்ணு ஆசாரி கடைசி ஆப்பை அடித்துக்கொண்டிருந்தார். மதிவதனி அதற்குக் குங்குமம் வைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாடி இது?"

"தறிங்க. ஆசாரிக்கு அமாவாசை அன்னிக்குத்தான் கை ஓய்வு."

"பின் ரூமுக்குத்தானே பந்தயம்?"

"அந்த இருட்டுல எவனாவது பட்டு நெய்வானா? இழை அறுந்தா டார்ச் அடிச்சா தேடறது? தறிக்கு ஹால்தாங்க சரி. ஆனா ஹால்ல நீங்க இல்ல இருந்தீங்க. நாலு தடவை கேட்டேன். இது என் ஆபீசுன்னீங்க. இப்பதான் உங்களுக்குன்னு ஒரு ரூம் ஆயிடுச்சே, எல்லாத்தையும் உள்ள எடுத்துக்குங்க."

ஹேமநாத் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியாக ஒரு கேள்வியாவது கேட்டு மடக்கலாம் என்று பார்த்தேன்.

"நான் தோத்திருந்தா இன்னா பண்ணியிருப்பே?"

"ஐயோ, அத ஏன் கேக்கறீங்க" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். "நீங்க அந்தப் பட்டைய எல்லாம் சமமா அடிக்கறதைப் பாத்த அன்னிக்கே பேஜாராயி, இந்தத் தம்பிக்குப் போன் பண்ணி இதுக்கு இன்னா வழின்னு கேட்டு வெச்சிட்டேன்."