உங்கள் தங்கை பேச்சுத் தேர்வில் தேறிய சேதி

பெருமதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன், வீடு வீடாக மின்கணக்கு எடுத்து ஓய்வுபெற்றவன், பணிவான வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு இருவரும் சுகம். அங்கு உங்கள் முழங்கால் உங்கள் பேச்சைக் கேட்கிறது என்றும், அக்கா உங்கள் பேச்சைக் கேட்காமல் நலமாக இருக்கிறார் என்றும் நம்புகிறேன். நிற்க. உங்கள் தங்கை வெளிநாட்டு நர்ஸ் வேலைக்கான இங்கிலீஷ் பேச்சுத் தேர்வில் தேறிவிட்டாள் என்பதைப் பெருமையுடன் தெரிவித்துக்கொள்கிறேன். போனில் சொல்லியிருக்கலாம். பாதியில் குறுக்கே பேசுவீர்கள் என்பதால் கடிதம்.

முதல் தடவை அவள் தேறாதபோது, "அம்பது வயசுல இதெல்லாம் எதுக்கு மாப்ள, ஊசி போட்டமா வீட்டுக்கு வந்தமான்னு இருக்கச் சொல்லுங்க" என்று போனில் சொன்னீர்கள். அன்று போன் ஸ்பீக்கரில் இருந்தது. அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடித்த சட்டையையே பிரித்து மறுபடி மடித்தாள். பிறகு என்னிடம், "இலக்கணமெல்லாம் சரியாத்தான் பேசினேன். ஆனா கேள்வி கேட்ட அம்மா திரும்பத் திரும்ப 'என்ன சொன்னீங்க'ன்னு கேட்டாங்க. அவங்களுக்கு என்ன புரியலைன்னு எனக்குத் தெரியணும்" என்றாள். மறுநாளே டயர் கடைக்கு மேல்மாடியில் பாடம் எடுக்கும் டீச்சரிடம் சேர்ந்துவிட்டாள். துணைக்கு நான், கடைசி பெஞ்சில்.

டீச்சர் ஐந்து நிமிடம் கேட்டுவிட்டு நோயைக் கண்டுபிடித்துவிட்டார். "சிஸ்டர், நீங்க எல்லா வார்த்தையையும் ஒரே எடையில சொல்றீங்க. மருந்துச் சீட்டு வாசிக்கிற மாதிரி இருக்கு. கேக்கறவங்களுக்கு எது முக்கியம்னு தெரிய வேணாமா? சின்ன வார்த்தையை லேசா முழுங்கிட்டு ஓடுங்க, சேதி எந்த வார்த்தையில இருக்கோ அங்க நின்னு அழுத்துங்க. பழகற வரைக்கும் அந்த இடத்துல மேஜையைத் தட்டுங்க" என்றார். இந்தக் கடைசி வாக்கியத்தை அந்த அம்மா சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அன்னிக்கு ஆரம்பிச்சது மச்சான். காலையில எழுந்தா தட்டு, படுக்கப் போற வரைக்கும் தட்டு. "ஐ நெவர் டோல்ட் ஹிம்"னு ஒரு வாக்கியம். நெவர்ல ஒரு அடி, அடுத்து டோல்ட்ல ஒரு அடி, அப்புறம் ஹிம்ல. அடி இடம் மாறினா அர்த்தமும் மாறுதாம். மேஜை மேல இருந்த என் கண்ணாடி ஹிம்லதான் கீழ விழுந்துச்சு. கீழ்வீட்டுக்காரர் மாடி ஏறி வந்து என்னைத் தனியா கூப்பிட்டு, "சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா? அம்மா 'நோ, நெவர்'ங்கறாங்க, கூடவே அடிக்கிற சத்தமும் கேக்குது" அப்படின்னார். இங்கிலீஷ் படிக்கிறான்னேன். "சரி சார்"னு போயிட்டார், ஆனா மறுநாள் அவர் சம்சாரம் வந்து உங்க தங்கச்சி கையை ரெண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டுத்தான் போச்சு. இத்தனை வருஷம் அடுத்தவன் வீட்டு மீட்டரைக்கூட நான் அதட்டிப் பார்த்ததில்ல.

அதோட விட்டுச்சா? அழுத்தம் இங்கிலீஷ்லேர்ந்து தமிழுக்கும் தொத்திக்கிச்சு. ஒரு நாள் நான் டீ போட்டுக் குடுத்தேன். "இன்னிக்கு டீ நல்லா இருக்கு"ன்னா. இன்னிக்குங்கறதுல ஓர் அழுத்து. "அப்ப நேத்து?"ன்னேன். "பாராட்டினாலும் குத்தமா"ன்னு கோவிச்சுக்கிட்டா. ஆஸ்பத்திரியில இன்னும் மோசம். விடுப்பு கேக்கும்போது பெரிய நர்ஸம்மாகிட்ட, "நான் உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன்"னு சொல்லியிருக்கா, 'உங்ககிட்ட'வைப் பிடிச்சு அழுத்தி. "அப்ப யார்கிட்ட சொல்லுவீங்க?"ன்னு அந்தம்மா நாற்காலியை முன்னாடி இழுத்துப் போட்டு உக்காந்துட்டாங்களாம். வார்டே வேலையை விட்டுட்டு வேடிக்கை பார்த்திருக்கு.

நானே ஒரு கட்டத்துல, போதும் விட்டுடுன்னு சொல்லலாமான்னு நினைச்சேன். ஆனா வேலை முடிஞ்சு கால் வீங்கி வர்றவ, செருப்பைக் கழட்டினதும் நேரா கண்ணாடி முன்னாடி நின்னு முணுமுணுக்கிறதைப் பார்த்தா எனக்கு வாய் வரல.

பரீட்சை அன்னிக்கு அவ உள்ள போனா, கதவைச் சாத்திட்டாங்க. நான் வெளிய பெஞ்சுல உக்காந்து காதைத் தீட்டிக்கிட்டு இருந்தேன். முதல் தடவை இதே பெஞ்சுல இருந்தப்ப கதவுக்கு அந்தப் பக்கம் மிக்ஸி ஓடற மாதிரி ஒரே இரைச்சலாத்தான் கேட்டுச்சு. இந்தத் தடவை அப்படி இல்ல மச்சான். சின்ன வார்த்தை எதுவும் கதவைத் தாண்டல. ஆனா "ஹாஸ்பிட்டல்"னு வந்துச்சு. கொஞ்சம் கழிச்சு "நைட்". அப்புறம் "அலோன்". அவ முதல் வேலையில தனியா ஒரு வார்டைப் பார்த்துக்கிட்ட கதையைச் சொல்றான்னு எனக்குப் புரிஞ்சு போச்சு. பாதி வார்த்தைகூட கேக்கல, முழுக்கதையும் புரிஞ்சது. அதுக்கப்புறம் "யங்"னு ஒண்ணு, கொஞ்சம் தள்ளி "குட்"னு ஒண்ணு.

வெளிய வந்ததும் கேட்டேன், அது என்னன்னு. "இந்த வயசுல ஏன் போறீங்கன்னு கேட்டாங்க. நான் இளசா இருக்கேன்னு போகல, வேலையில கெட்டிக்காரியா இருக்கேன், அதனால போறேன்னு சொன்னேன்"னா. "தட்டினியா?" "கை தானா போச்சு. தொடைக்கு அடியில வச்சு உக்காந்துட்டேன்." தெருவுல வச்சு எனக்குக் கண் கலங்கிருச்சு. வெயில்னு சொல்லிச் சமாளிச்சேன்.

தேறியாச்சு, முதியோர் இல்லத்துல வேலையும் கிடைச்சாச்சு, ரெண்டு வருஷ ஒப்பந்தம். அவ போனப்புறம் நான் தனியா சமாளிச்சுக்குவேன், சோறு வடிக்கக் கத்துக்கிட்டேன், யாரும் கவலைப்பட வேண்டாம். ஆனா வீடு வெறிச்சுனு இருக்கும். நீங்க வந்து கொஞ்ச நாள் எங்கூடத் தங்கினா தெம்பா இருக்கும். வரும்போது அவகிட்ட ஒரு வார்த்தை நல்லதாச் சொல்லுங்க. எந்த வார்த்தையில அழுத்தணும்னு யோசிச்சுட்டுச் சொல்லுங்க.

அக்காவுக்கு என் வணக்கம். குழந்தைகளுக்கு எங்கள் இருவரின் ஆசிகள். உங்கள் முழங்காலுக்கு என் தனிப்பட்ட விசாரிப்புகள்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையால் தலைநிமிர்ந்து நடக்கும்
மாப்பிள்ளை

பி.கு.: உறையை ஒட்டும் முன் உங்க தங்கச்சி இதைப் படிச்சுட்டா. "நான் தனியாப் போறேன்னு யார் சொன்னது?"ன்னா. "நீதானே, 'நான் போறேன்'னு சொன்னே?" "போறேன்ங்கறதைத்தான் அழுத்தினேன். நானுங்கறதை அழுத்தவே இல்லையே" அப்படிங்கறா. நானும் போகணுமாம். கூட வர்ற புருஷனும் அதே பரீட்சையில பேசிக் காட்டணுமாம், திங்கக்கிழமையிலேர்ந்து டயர் கடை மாடியில என் பேரும் குடுத்தாச்சு. அதனால நீங்க தங்கறதுக்கு வர வேண்டாம், வீட்டுச் சாவியை வாங்கிக்க வாங்க. மேல எழுதினதுல நான் சமாளிச்சுக்குவேன்னு இருக்கிற இடத்தையெல்லாம் அடிச்சுடுங்க. அவ தேறினதை மட்டும் அப்படியே விட்டு வைங்க.