கச்சாய டப்பாவின் பங்காளிகள்

கோயம்புத்தூரில் தினமும் காலையில் வேகிற இட்லிகளில் பாதி, ஒரே ஒரு வீட்டுச் சமையலறையில் கண்டுபிடிக்கப்பட்டவை. மீதிப் பாதி, அந்த வீட்டிலிருந்து திருடப்பட்டவை. இதில் முக்கால்வாசி மிகை என்று நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மிச்சமுள்ள கால்வாசிக்கும் சாட்சி கிடையாது. ஆனால் இதைக் கண் இமைக்காமல், கையில் காபி டம்ளரோடு, எதிரில் இருப்பவர் நம்பும்வரை சொல்லக்கூடிய ஓர் இனம் நம்மூரில் உண்டு. பிராண்டுப் பங்காளிகள் என்று அதற்குப் பெயர் வைப்போம்.

அடையாளம் கண்டுகொள்வது ரொம்பச் சுலபம். மேசை மேல் ஒரு மாவு பாக்கெட்டை வைத்துவிட்டுச் சும்மா இருங்கள். "இந்தக் கம்பெனிக்காரருங்களா? எங்க ஊட்டுக்கு எதுத்த சந்துல குடியிருந்தவருங்க. எங்க மாமியா ஊத்துன இட்லியைத் தின்னுபோட்டுத்தான் அவருக்கு இந்த ரோசனையே வந்துச்சு" என்று தானாக ஆரம்பிக்கும். ரவா இட்லி மிக்ஸின் கடுகு தாளிப்பு அவர்களுடைய சின்னம்மா யோசனை, ராகி சேமியாவுக்கு நூல் பிடித்தது அவர்களுடைய அத்தை, கிரைண்டர் என்பது அவர்களுடைய தாத்தா ஒரு மழைநாளில் பொழுது போகாமல் ஆட்டுக்கல்லின் தலையில் பம்பு மோட்டாரை உட்காரவைத்துப் பார்த்தது. நெய் மைசூர்பா வாயில் வைத்ததும் ஏன் கரைகிறது? அவர்கள் வீட்டு எருமை.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். திவாலான கம்பெனிக்கு இந்த இனத்தில் ஒரு சொந்தக்காரர்கூடக் கிடையாது.

இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி, கோவை ராமநாதபுரம் ராசாத்தாள். பி.ஏ. பொருளாதாரம் படித்தவள். படிப்பு அவளுடைய பொய்களுக்கு ஒருநாளும் தடையாக இருந்ததில்லை; தேதியும் இடமும் சேர்த்துச் சொல்லத்தான் உதவியது. அவள் உரிமை கொண்டாடிய பிராண்டு, மயில்கண் ஸ்வீட்ஸ். உக்கடம் பக்கம் ஒரு மூலைக்கடையாகத் தொடங்கி, இப்போது ஊர் முழுக்கக் கண்ணாடிக் கதவு வைத்த கடைகளாகப் பெருகியிருக்கிற நிறுவனம். அவர்களுடைய புகழெல்லாம் கச்சாயத்தால் வந்தது. அரிசியையும் வெல்லத்தையும் சேர்த்து ஆட்டி, காய்ந்த எண்ணெயில் கரண்டி கரண்டியாக ஊற்றி எடுக்கிற நம் பக்கத்துப் பலகாரம்தான். அதையே தங்க நிற டப்பாவில் போட்டு, மேலே 'ஆத்தா கைப்பக்குவம்' என்று அச்சடித்து, கொண்டையும் மூக்குத்தியும் மட்டும் தெரிகிற ஒரு பெண்ணைக் கோட்டோவியமாக வரைந்திருந்தார்கள். அந்தப் பெண்ணுக்கு முகம் கிடையாது.

"மூஞ்சியை ஏன் போடலைன்னு தெரியுமுங்களா?" என்பாள் ராசாத்தாள். "போட்டா நான் கேஸு போட்டுபோடுவேன்னு பயம். சொல்லிக் குடுத்ததே நான்தானுங்களே."

உண்மையில் ராசாத்தாள் ஊற்றிய கச்சாயம் ஒருமுறைகூட முழுதாக எண்ணெயை விட்டு வெளியே வந்ததில்லை. அவளுடைய வீட்டுக்காரர் திருமூர்த்தி அதற்கு 'எண்ணெய்ப் பாயசம்' என்று பெயரே வைத்திருந்தார்.

இப்படி யாருக்கும் கெடுதல் இல்லாமல் ஓடிக்கொண்டிருந்த பொய்க்கு, மகன் மனோஜ்குமாரின் நிச்சயதார்த்தத்தில் கண்டம் வந்தது. பெண் வீடு மேட்டுப்பாளையம். பாக்கு மண்டிக் குடும்பம். பெண்ணின் அம்மா சுப்பாத்தாள், பாக்கை மட்டுமல்ல, பேச்சையும் எடை போட்டு வாங்குகிறவள். கல்யாணத்துக்கு வருகிறவர்களுக்கு என்ன இனிப்பு கொடுப்பது என்று அவள் சபையில் கேட்டு வாயை மூடவில்லை.

"மயில்கண் கச்சாயந்தானுங்க சம்பந்தி! அது நம்ம சரக்குங்க. ஒரு போன் போட்டா லோடு வந்து எறங்கிப்போடும்" என்றாள் ராசாத்தாள்.

இரண்டு வீட்டாரும் கேட்டாயிற்று. சபையில் விழுந்த சொல்லைப் பொறுக்கி முந்தானையில் முடிய முடியுமா?

வீட்டுக்கு வந்து இரண்டு நாளில் திருமூர்த்தி கேட்டார். "என்னமோ ஒரு போன் போட்டா போதும்னியே, போட்டியா?"

"போட்டேனுங்க."

"என்ன சொன்னாங்க?"

"தமிழுக்கு ஒண்ணை அழுத்தச் சொன்னாங்க."

ஒன்றை அழுத்தி, பிறகு நான்கை அழுத்தி, கடைசியில் வந்த பெண் குரல், ஆவணி முகூர்த்தங்களுக்கு ஆர்டர் முடிந்துவிட்டது என்று வருத்தம் தெரிவித்தது. அந்த வருத்தம் ஆறும் முன்பே சுப்பாத்தாளிடமிருந்து போன். "சம்பந்தி, நாளைக்குச் சேலை எடுக்கக் கோயமுத்தூரு வாரேனுங்க. அப்பிடியே உங்க மயில்கண்காரரையும் ஒரு எட்டுப் பாத்துப்போட்டு வந்தரலாமுங்களா?"

ராசாத்தாளுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஊர் சிரிப்பது பெரிய விஷயமில்லை. ஊருக்கு வேறு வேலை வந்துவிடும். ஆனால் வரப்போகிற மருமகள் கீதா? புளுகுணி என்று பெயரெடுத்த மாமியார், நாளைக்கு எந்த முகத்தோடு ஒரு சாம்பாரைக் குறை சொல்வது? மாமியார் உத்தியோகமே கைக்கு வருமுன் கழன்றுவிடும் போலிருந்தது.

முதலாளியைத் தனியாகப் பார்த்துக் காலில் விழுந்தாவது காரியத்தை முடிப்பது என்று அவள் போட்ட திட்டம், மறுநாள் மயில்கண் கடையின் கண்ணாடிக் கதவைத் திறந்ததுமே போயிற்று. முதலாளி அருள்குமார் கல்லாவுக்குப் பக்கத்திலேயே நின்றிருந்தான். இன்ஜினியரிங் படித்த பையன், காதோரம் நரை. சுப்பாத்தாள் முந்திக்கொண்டாள்.

"ஏனுங் தம்பி, உங்க கச்சாயத்தைச் சொல்லிக் குடுத்தவங்க இவங்கதானாமுங்களே?"

ராசாத்தாள் தரையைப் பார்த்தாள். வழுவழுவென்ற கிரானைட். பிளந்து விழுங்கும் என்று நம்பிக்கை வைக்க முடியாத தரை.

"அம்மா! உங்களைத்தானுங்க இத்தனை நாளாத் தேடிட்டிருந்தேன்!" என்று கூவினான் அருள்குமார்.

வாசகர்கள் குழம்ப வேண்டாம். அருள்குமாருக்குச் சொல்லிக்கொடுத்த ஆத்தா யாரும் கிடையாது. பழைய பம்பு ஷெட்டில் அண்டா வைத்து, தீய்த்துத் தீய்த்துத் தானே கற்றுக்கொண்டவன். டப்பாவில் இருப்பது படம் வரைகிற பையனின் கற்பனை. ஆனால் சாப்பாட்டுச் சேனல்காரர்கள் அன்று காலையே கேமராவோடு வந்து உட்கார்ந்துகொண்டு, அந்த ஆத்தாவைக் கண்ணில் காட்டு என்று அவனைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். தேடி வந்த ஆத்தாவை விடுவானா? பிராண்டைத் தேடும் பங்காளி ஒரு வகை என்றால், பங்காளியைத் தேடும் பிராண்டு இன்னொரு வகை.

"ஒரே ஒரு ஈடு ஊத்திக் காட்டுங்கம்மா. உங்க கலியாணத்துக்கு எத்தனை டப்பா வேணும்னாலும் எம் பொறுப்பு."

பின்கட்டுச் சமையல் கூடம். கொதிக்கிற எண்ணெய். எதிரே கேமரா. பக்கத்தில் சுப்பாத்தாள். மாவு மட்டும் கம்பெனி மாவு. அளந்து கலந்து, பதம் பார்த்து வைத்தது. திருமூர்த்தி ஊற்றினால்கூட உப்பி வரும். சும்மா ஒரு கரண்டி மொண்டு ஊற்றிவிட்டு இவள் வந்திருக்கலாம்.

வருவாளா? இனத்தின் குணம் எங்கே போகும்? விரலால் மாவைத் தொட்டு நாக்கில் வைத்தாள். கண்ணை மூடினாள். "வெல்லம் பத்தலை" என்றாள். பக்கத்துத் தட்டிலிருந்து தூள் வெல்லத்தை இரண்டு கை அள்ளிப் போட்டுக் கலக்கினாள். ஊற்றினாள்.

கச்சாயம் எண்ணெயில் விழுந்தது. ஒரு நொடி மிதந்தது. யோசித்தது. பிறகு, அப்பன் கண்ணை மூடிய கையோடு பாகம் பிரிக்கிற அண்ணன் தம்பிகளைப் போல நாலா திசையிலும் பிரிந்து போயிற்று.

கேமரா ஓடிக்கொண்டிருந்தது. சுப்பாத்தாள் குனிந்து வாணலியைப் பார்த்தாள்.

"மொதக் கச்சாயம் அடுப்புக்குங்க" என்றது ராசாத்தாளின் வாய். அவளைக் கேட்டுக்கொண்டு அது பேசவில்லை. "முழுசா எடுக்கவே கூடாது கண்ணு. பிரியோணும். வேணும்னுதான் ஒரு பிடி வெல்லம் தூக்கலாப் போடறது. அடுப்புக்குப் பங்கு வெச்சுப்போட்டுத்தான் மனுசருக்கு ஊத்தோணும்."

அருள்குமாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதையெல்லாம் நம்ம தலைமுறைக்கு யாருங்கம்மா சொல்லித் தந்தாங்க?" என்றான்.

அவன் நம்பியது கணக்கில் சேராது. தீர்ப்பு சுப்பாத்தாளிடம் இருந்தது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கச்சாயம் சுடுகிறவள். வெல்லம் கூடினால் கச்சாயம் பிரிந்துபோகும் என்று அவளுக்குத் தெரியாதா? நிமிர்ந்து ராசாத்தாளின் முகத்தைப் பார்த்தாள். வாணலியைப் பார்த்தாள். கடைசியாக, கேமராவைப் பார்த்தாள்.

"ஆமாங்க. எங்க பக்கமும் அதேதானுங்க" என்றாள். கொண்டையை ஒருமுறை சரிசெய்துகொண்டாள். "ஆனா எங்கம்மா ரெண்டு உடுவாங்க."

ஜாதகத்தில் பார்த்த பத்துப் பொருத்தமும் அந்த நிமிஷத்தில்தான் நிஜமாகவே பொருந்தின. அடுத்து வந்த புது மாவை ராசாத்தாள் நாக்கில் வைத்துப் பார்க்காதபடி சுப்பாத்தாளே கிண்ணத்தைக் கையில் பிடித்துக்கொண்டாள். கச்சாயம் பந்துபந்தாக உப்பியது. கல்யாணத்துக்கு டப்பாக்கள் வந்து இறங்கின. திருமூர்த்தி ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இத்தனை வருசம் அடுப்புக்கே எல்லாத்தையும் குடுத்துபோட்டியேம்மா" என்றார்.

பிறகு டப்பாவின் கோட்டோவியத்துக்கு முகமும் வந்தது. ராசாத்தாளின் முகம்தான். கம்ப்யூட்டரில் இரட்டை மோவாயை ஒன்றாக்கி, முடிக்குக் கொஞ்சம் வெள்ளை சேர்த்து, சுற்றிலும் மஞ்சள் வட்டம் போட்டு, கீழே 'முதல் கச்சாயம் அடுப்புக்கு' என்று ஒரு வரி. மேட்டுப்பாளையத்தில் அதைப் பார்த்தவர்கள், தங்கள் வீட்டிலும் காலங்காலமாக அப்படித்தான் என்றார்கள். அவிநாசியில் மூன்று விடுவார்களாம்.

தை முகூர்த்தத்தில் வேறொரு கல்யாணம். காலைப் பந்தியில் இடியாப்பம் போலப் பிழிந்த சந்தகையும் தேங்காய்ப்பாலும் பரிமாறி, இலைக்கு ஒரு மயில்கண் டப்பா வைத்தார்கள். ராசாத்தாளுக்குப் பக்கத்து இலையில், அதுவரை அவள் பார்த்தேயிராத, மயில் கழுத்து நிறப் பட்டுக் கட்டிய ஓர் அம்மணி. டப்பாவைக் கையில் எடுத்தவள் பெருமூச்சு விட்டு, இந்தப் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் படத்துல இருக்கறது எங்க பெரியம்மாங்க. இந்தக் கச்சாயமே எங்க ஊட்டுல சுட்டதைப் பாத்துச் செஞ்சதுதானுங்க."

அந்த அம்மணி யார்? எனக்குத் தெரியவில்லை. அதனால் கேட்கிறேன்: தை மாதம் நீங்கள் எந்தக் கல்யாணத்துக்குப் போனீர்கள்? மயில் கழுத்துப் பட்டு உங்களிடம் ஒன்று இருக்கிறதல்லவா? ஆண்கள் சிரிக்க வேண்டாம். அவள் இலைக்கு மறுபக்கம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தவர் வேட்டிதான் கட்டியிருந்தார்.

ராசாத்தாள் சந்தகையை விட்டுக் கையை எடுத்தாள். முகத்தை நன்றாகத் திருப்பி, மூக்குத்தி தெரிய, வெளிச்சத்தில் காட்டினாள். "ஏனுங் அம்மணி, அந்தப் படத்துல இருக்கறது நானுங்க. நல்லாப் பாருங்க."

அம்மணி டப்பாவைப் பார்த்தாள். ராசாத்தாளைப் பார்த்தாள். இரக்கத்தோடு அவள் முழங்கையைத் தொட்டாள்.

"இல்லீங்க. எங்க பெரியம்மா தவறி ரெண்டு வருசமாச்சுங்க. உசுரோட இருக்கறவங்க படத்தை யாருங்க டப்பாவுல போடுவாங்க?"